குழலின் முறுக்கும் வேட்டைக் குண்டும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரைஃபிள் குழலின் உட்புற வரிகள் எத்தனை அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றை முடிக்கின்றன என்பதே முறுக்கு வீதம்; எண் சிறிதானால் முறுக்கு இறுக்கம், பெரிதானால் தளர்வு. குண்டைத் தள்ளாடவிடாமல், மூக்கு முன்னிருக்க விலங்கிடம் கொண்டுசேர்ப்பதுதான் அதன் வேலை. உடலுக்குள் நுழைந்தபின் குண்டு எப்படி விரிகிறது, எவ்வளவு ஆழம் போகிறது என்பதைப் பெரும்பாலும் அதன் கட்டமைப்பும் தாக்கும் வேகமும் முடிவுசெய்கின்றன.

குண்டின் எடையை மட்டும் பார்த்து முறுக்கைக் கணிப்பதே மிகப் பரவலான தவறு. 1955-இல் அமெரிக்காவில் ஒரே விட்டமுள்ள குண்டைச் சுடும் இரு தோட்டாக்கள் சந்தைக்கு வந்தன. வின்செஸ்டர் நிறுவனம் தன் .243 தோட்டாவுக்கு 10 அங்குல முறுக்கைத் தேர்ந்தது; தன் .244 தோட்டாவைச் சிறு விலங்குகளுக்கே முதன்மையாகக் கருதிய ரெமிங்டன் நிறுவனம், 12 அங்குல முறுக்கோடும் 90 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டோடும் நின்றுகொண்டது. மானுக்கு 100 கிரெய்ன் வேண்டுமென்று நினைத்தவர்கள் .243-ஐ வாங்கினார்கள். ரெமிங்டன் 9 அங்குல முறுக்குக்கு மாறி, 1963-இல் 6 மி.மீ. ரெமிங்டன் என்று புதுப்பெயர் சூட்டியும் இழந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை. உண்மையில், மழுங்கிய மூக்குள்ள குட்டையான 100 கிரெய்ன் குண்டுக்கு அந்த 12 அங்குல முறுக்கே பெரும்பாலும் போதுமானதாக இருந்தது. தடுமாறியது கூர்மூக்குள்ள நீண்ட குண்டுதான். 1879-இல் ஆங்கிலக் கணிதவியலாளர் ஜார்ஜ் கிரீன்ஹில் ஈயக் குண்டுகளுக்கு வகுத்த எளிய சூத்திரத்திலும் விட்டமும் நீளமுமே முறுக்கைத் தீர்மானிக்கின்றன.

செம்புக் குண்டுக்கு மாறுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஈயத்தைவிடச் செம்பு அடர்த்தி குறைந்தது என்பதால், அதே எடையிலுள்ள செம்புக் குண்டு நீளமாக இருக்கும்; அதற்கு இன்னும் இறுக்கமான முறுக்கு வேண்டும். கலிபோர்னியா 2019 ஜூலை 1 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவை முற்றிலும் தடைசெய்துவிட்டதால், பழைய துப்பாக்கி வைத்திருக்கும் அங்குள்ள வேட்டைக்காரர், பழகிய எடையையே பிடித்துக்கொண்டிராமல் ஒரு படி எடை குறைந்த செம்புக் குண்டை எடுப்பதே நல்லது.

கோடை வெயிலில் இலக்குத்தாளில் சுட்டுப் பார்த்துவிட்டுக் குளிர்கால வேட்டைக்குப் போவதும் தவறுதான். குளிர்ந்த காற்று அடர்த்தியானது; முறுக்கு மட்டுமட்டாக உள்ள குழலில் கோடையில் நிலையாகப் பறந்த குண்டு, அங்கே தள்ளாடக்கூடும். சாய்ந்த நிலையில் தாக்கும் குண்டின் மூக்கு சீராக விரியாமல், பாதை விலகி, காயத்தோடு விலங்கைத் தப்பவிடும் ஆபத்து உண்டு. தாளில் துளைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழுந்தால் அந்தக் குண்டை வேட்டைக்கு எடுத்துச் செல்லவே கூடாது.

முறுக்கு தளர்ந்தால் குண்டு உடலுக்குள் புரண்டு அதிகச் சேதம் செய்யும் என்ற நம்பிக்கை, 14 அங்குல முறுக்கோடு வந்து, பின்னர் எம்-16 என்ற அமெரிக்க ராணுவத் துப்பாக்கியாக மாறிய தொடக்கக்கால ஏ.ஆர்-15-ஐப் பற்றிய பேச்சிலிருந்து பரவியது. தசை காற்றைவிடப் பல நூறு மடங்கு அடர்த்தியானது. எந்த வேட்டைத் துப்பாக்கியின் முறுக்கும் விரியாத கூர்மூக்குக் குண்டை அதற்குள் நிலைநிறுத்தாது; ஆகவே அது புரள முறுக்கு தளர்ந்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு எதிர்முனையில், முறுக்கு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது என்பாரும் உண்டு. வினாடிக்கு 3,000 அடி வேகத்தில் 10 அங்குல முறுக்குக் குழலை விட்டு வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு 2,16,000 சுற்று சுழல்கிறது. 7 அங்குலமென்றால் அது 3,08,000-ஐத் தாண்டும். மெல்லிய உறையுள்ள சிறு விலங்குக் குண்டுகள் இந்தச் சுழற்சியில் வழியிலேயே சிதறக்கூடும். கெட்டியான உறையுள்ள மான் குண்டுகளுக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.