மரத்தை வெட்டாமல் அதன் எடையைக் கணக்கிடுவது எப்படி?

மரத்தின் எடை தெரிந்தால் அதிலுள்ள காபனும் தெரியும். உங்கள் ஊர்க் காட்டில் எவ்வளவு காபன் சேர்ந்திருக்கிறது என்று அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. தையல் நாடா, பள்ளிக்கூடப் பாகைமானி, நீளமான கயிறு, வெண்கட்டி, கொப்பி போதும். மரம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. திருகோணமலைக்கு வடக்கே, திரியாய்ப் பக்கத்துக் காட்டுத்துண்டு ஒன்றில் நாங்கள் அளந்த முறையைச் சொல்கிறேன்.

ஒதுக்குக்காடு என்றால் முதலில் அனுமதி வாங்குங்கள். யானை நடமாடும் இடமா என்று ஊராரிடம் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம். மாரி மழை ஓய்ந்த பிறகு போவது நல்லது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையிலேயே தொடங்கிவிடுங்கள், காற்று எழும்பினால் மர உச்சி ஆடும், உயரம் பிடிபடாது.

காணியை அடையாளமிடுதல்

20 மீற்றருக்கு 20 மீற்றர் சதுரம் ஒன்றைக் கயிற்றால் கட்டுங்கள். சதுரம் கோணிவிட்டதா என்று பார்க்க மூலைவிட்டத்தை அளக்கலாம். இரண்டும் 28.3 மீற்றர் வர வேண்டும். மரங்கள் நன்றாக இருக்கும் இடமாகப் பார்த்துக் கட்டுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. இடத்தைக் காட்டுக்குள் போகும் முன்பே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். எல்லைக் கயிற்றில் நிற்கும் மரத்தின் அடிமரம் பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் எண்ணுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள்.

நெஞ்சுயரத்தில் சுற்றளவு

தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் வெண்கட்டியால் கோடு போட்டு, அங்கே நாடாவைச் சுற்றுங்கள். ஒவ்வொரு முறையும் குனிந்து அளக்காமல் 1.3 மீற்றரில் ஒரு தடியை வெட்டி வைத்துக்கொண்டால் கை தவறாது. சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து உயரம் பிடியுங்கள். கொடி சுற்றியிருந்தால் நாடாவை அதன் அடியால் விடுங்கள். 1.3 மீற்றருக்குக் கீழேயே கவர்விட்ட மரமென்றால் ஒவ்வொரு கவரும் தனி மரம். எங்கள் காடுகளில் மெல்லிய மரங்கள் அதிகம் என்பதால் 5 சென்ரிமீற்றர் விட்டம் உள்ளவை முதல் எல்லாவற்றையும் எடுக்கிறோம்.

நாடா காட்டுவது சுற்றளவு. அதை 3.14 ஆல் வகுத்தால்தான் விட்டம். முதல் நாள் எங்கள் குழுவில் ஒரு பக்கம் முழுவதும் சுற்றளவை விட்டம் என்ற கட்டத்தில் எழுதிவிட்டோம். கணக்கில் ஒவ்வொரு மரமும் ஒன்பது மடங்குக்கு மேல் கனத்தது. அன்றிலிருந்து கொப்பியில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம்.

உயரம்

பாகைமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். நேர் விளிம்பு வழியாக உச்சியைப் பார்த்தபடி, நூல் 45 பாகையில் நிற்கும்வரை பின்னால் நடங்கள். சமதரையில், அங்கிருந்து மரத்துக்குள்ள தூரத்தோடு உங்கள் கண் உயரத்தைக் கூட்டினால் மரத்தின் உயரம். தூரம் 10.5 மீற்றர், கண் உயரம் 1.5 மீற்றர் என்றால் மரம் 12 மீற்றர்.

பெயர்

தொடக்கக்காரர்கள் அவசரமாகத் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான். பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் ஒரே பருமனில் நின்றாலும் ஒரே கனம் இல்லை. பாலையின் வைரம், அதாவது தண்டின் நடுவிலுள்ள கடினமான கட்டை, தண்ணீரில் தாழும். பெயர் மாறினால் அடர்த்தி மாறும், அடர்த்தி மாறினால் கணக்கே மாறும். எங்களோடு வந்த தேன் எடுக்கும் ஐயா பட்டையைத் தடவி, ஒரு இலையைக் கசக்கி மணந்துவிட்டு, “தம்பி, இது வீரை, பாலை எண்டு எழுதாதேங்கோ” என்றார். நாங்கள் பூ, காய் தேடிக்கொண்டிருந்தோம். அப்படிப்பட்டவர்களுக்குக் கூலியும் கொடுங்கள், அறிக்கையில் அவர்களின் பங்கையும் எழுதுங்கள். சாவண்டலை மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘திருகோணமலை மரம்’ என்றே பெயர். நம் ஊர்ப் பெயரைச் சுமக்கும் மரத்தையாவது நாம் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடர்த்தி எண்கள் உலக மர அடர்த்தித் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர் தெரியாத மரத்துக்கு அந்தச் சதுரத்தின் சராசரியைப் போடலாம்.

கணக்கு

ஜெரோம் ஷாவும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட சமன்பாடு வெப்பமண்டலக் காடுகளுக்கு உரியது. 58 இடங்களில் வெட்டி எடை பார்த்த 4,004 மரங்களிலிருந்து அது வந்தது. அவர்கள் வெட்டி எடை பார்த்துவிட்டதால்தான் நாம் வெட்டாமல் தப்புகிறோம்.

உயிர்த்திணிவு = 0.0673 × (அடர்த்தி × விட்டம்² × உயரம்)^0.976

^ என்ற குறி அடுக்கைக் காட்டும். விட்டம் சென்ரிமீற்றரில், உயரம் மீற்றரில், அடர்த்தி ஒரு கனசென்ரிமீற்றருக்கு எத்தனை கிராம் என்பதில். விடை கிலோகிராமில் வரும். இது தண்டு, கிளை, இலை எல்லாம் சேர்ந்த உலர்ந்த எடை. வேர் இதில் இல்லை.

94 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள ஒரு பாலையை எடுப்போம். விட்டம் 29.9, உயரம் 12, அடர்த்தி 0.9 என்று வைத்தால் ஏறக்குறைய 522 கிலோ. அதை 0.47 ஆல் பெருக்கினால் காபன், 245 கிலோ. காபனை 44/12 ஆல் பெருக்கினால் காபனீரொட்சைட்டு, கிட்டத்தட்ட 900 கிலோ. வேர் நீங்கலாக, ஒரு நடுத்தரப் பாலை காற்றிலிருந்து இழுத்து வைத்திருப்பது ஒரு தொன்னுக்குச் சற்றுக் குறைவு. நாடா 2 சென்ரிமீற்றர் தளர்ந்து 96 என்று காட்டினால் விடை 4 சதவீதம் கூடிவிடும். நாடாவை இறுக்கிப் பிடியுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அப்புறம் சதுரத்துக்குள் உள்ள எல்லா மரங்களையும் கூட்டி 25 ஆல் பெருக்குங்கள், ஒரு ஹெக்டேயருக்கான அளவு கிடைக்கும். ஒரே சதுரத்தை வைத்து முழுக்காட்டையும் பேச வேண்டாம். பத்துச் சதுரங்களாவது போட்டுச் சராசரியும், சதுரத்துக்குச் சதுரம் உள்ள வித்தியாசமும் சேர்த்துக் கொடுங்கள்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துக் கண்டற்காடுகளுக்கு இந்தச் சமன்பாட்டைப் போடாதீர்கள். அவற்றுக்குத் தனிச் சமன்பாடு உண்டு. தாங்கு வேர் உள்ள கண்டலை 1.3 மீற்றரில் அளப்பதும் இல்லை, மிக மேலே உள்ள வேருக்கும் 30 சென்ரிமீற்றர் மேலே அளக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு மரத்திலும் நாடா பிடித்த இடத்தில் பெயின்ற்றால் மெல்லிய கோடு போட்டு, இலக்கத் தகடு ஒன்றைக் கட்டிவிடுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில் போய் அதே கோட்டில் நாடாவைச் சுற்றினால், மரம் எவ்வளவு பருத்திருக்கிறது என்று கையிலேயே தெரியும்.