சென்சாரை மாற்றுவதற்கு முன்

என்னுடைய பழைய காரில், வண்டி நிற்கப்போகும் தறுவாயில், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, காய்ந்த சாலையிலும் பிரேக் பெடல் காலடியில் தடதடவென்று அதிர்ந்தது. சில நாள்களில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பான ஏ.பி.எஸ்.-இன் எச்சரிக்கை விளக்கும் அணையாமல் எரியத் தொடங்கியது. வண்டியில் பதிவான பிழைக்குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர், முன் இடது சக்கரத்தின் வேக சென்சாரைக் காட்டியது. பிழைக்குறியீடு ஒரு மின்சுற்றைச் சுட்டுமே தவிர, கெட்டுப்போன பாகம் இதுதான் என்று தீர்ப்புச் சொல்லாது என்பதால், புதியதை வாங்க நான் அவசரப்படவில்லை.

மல்டிமீட்டரில் அந்தச் சென்சாரின் மின்தடை 1,100 ஓம் காட்டியது. வலப்பக்கமும் கிட்டத்தட்ட அதுவே. ஆனால், சக்கரங்களைத் தூக்கிவைத்துக் கையால் சீராகச் சுழற்றியபோது, இடப்பக்கம் எழுந்த ஏ.சி. மின்னழுத்தம் வலப்பக்கத்தில் பாதிகூட இல்லை. இத்தகைய காந்தச் சுருள் சென்சாரில் வேகம் குறையக் குறைய சிக்னலும் சுருங்கும். சக்கரத்தோடு சுழலும் பல்வளையத்துக்கும் சென்சாருக்குமான இடைவெளி சற்றே கூடினாலும், மெதுவான ஓட்டத்தில் சிக்னல் அறவே மறைந்துவிட, சக்கரம் பூட்டிக்கொண்டதாகக் கருதி ஏ.பி.எஸ். பிரேக் அழுத்தத்தை விடுவிக்கிறது; பெடல் அதிர்வது அதனால்தான்.

நெம்பினால் உடைந்துவிடும் என்பதால், சென்சாரைப் பொறுமையாக அசைத்து அசைத்தே எடுத்தேன். அது அமரும் இடத்தில் செதில் செதிலாக ஏறியிருந்த துரு அதை மேலே தள்ளியிருந்தது. வெறும் உலோகம் தெரியும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, பல்வளையத்தில் விரிசல் இல்லை என்பதையும் பார்த்துவிட்டு, அதே சென்சாரைப் பொருத்தினேன். குறியீட்டை அழித்து ஓட்டியபோது, பெடல் அதிராமல் வண்டி நின்றது. விளக்கும் பிறகு எரியவில்லை.