கலம்காரியைக் கண்டும் செய்தும் அறிய: ஊர்க் கலைக்கூடத்தில் மூன்று நாள் நிகழ்வு நடத்தும் முறை

கோயில் மண்டபத்தில் உருளையாகத் தொங்கும் தொம்பை, உற்சவர் தலைக்கு மேலே விதானமாகக் கட்டப்படும் அஸ்மானகிரி, வாயிலில் கட்டும் தோரணம் ஆகியவை கலம்காரி என்னும் முறையில், மூங்கில் எழுதுகோலால் சாயம் தொட்டுத் துணியில் கையால் எழுதப்பட்டவை என்பதைப் பலர் அறிவதில்லை. அரியலூர் மாவட்டத்துக் கருப்பூரிலும் கும்பகோணம் பகுதியிலுள்ள சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் நாயக்கர், மராத்தியர் காலம் தொட்டு இப்பணி நடந்து வருகிறது. ஊரிலோ நகரின் ஒரு பேட்டையிலோ சிறிய கலைக்கூடம் நடத்துவோர் இக்கலையை மூன்று நாள் கண்காட்சியாகவும் செய்முறைப் பயிலரங்காகவும் நடத்துவது எப்படி என்பதை, நான் ஈடுபட்ட சில நிகழ்வுகளின் அனுபவத்திலிருந்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். கண்காட்சி ஓர் அறையில், பயிலரங்கு வேறோர் அறையில் என்று பிரித்தால் இரண்டும் பலவீனப்படும். மூங்கில் எழுதுகோலைப் பிடித்து ஒரு கோட்டைக்கூட நேராக இழுக்க முடியாமல் திணறியவர்தான், சுவரில் தொங்கும் துணியில் முடிபோல் ஓடும் கோட்டின் முன் உண்மையாக நின்று பார்க்கிறார். ஆகவே எழுதும் மேசையிலிருந்து தலை நிமிர்த்தினால் காட்சித் துணிகள் கண்ணில் படும்படி கூடத்தை அமைக்க வேண்டும். கைவினையும் கலைக்காட்சியும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது நமக்குப் புதிதும் அன்று. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் உருவான சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில், ஓவியர்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் துணிகளைச் செய்து விற்ற வருவாயும் அவர்கள் அங்கே காலூன்ற உதவியது.

ஏற்பாட்டுக்குக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் வேண்டும். இக்கலையின் இயல்பே அதற்குக் காரணம். கலம்காரியின் கருமை கடையில் வாங்கும் மை அன்று. துருப்பிடித்த இரும்புத் துண்டுகளையும் வெல்லத்தையும் நீரில் இட்டு, மூடிய பானையில் ஏறத்தாழ மூன்று வாரம் புளிக்க வைத்து எடுக்கும் கரைசல் அது. கைவினைஞர்கள் அதைக் கசிமி என்பர். ஒருமுறை நாங்கள் எட்டே நாள் புளித்த கரைசலோடு பயிலரங்கைத் தொடங்கினோம். கோடுகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் வெளிறி விழுந்தன. அன்று வந்திருந்த பிள்ளைகளின் முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. அதன்பின் பானை வைக்கும் நாளைத்தான் நாட்காட்டியில் முதலில் குறிக்கிறோம். மற்ற தேதிகள் அதிலிருந்து பிறக்கின்றன. பருவத்தையும் பார்க்க வேண்டும். துணி வெயிலில் காய வேண்டியிருப்பதால் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்கள் உதவா. தை, மாசி மாதங்கள் நல்லவை. ஆனால் பள்ளித் தேர்வுகள் நெருங்குவதற்குள் முடித்துவிட வேண்டும்.

அடுத்து, கலைஞரை நேரில் சென்று சந்திப்பது. தொலைபேசியில் பேசி முடிக்கிற காரியம் அன்று இது. அவருடைய வேலையிடத்தில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து பார்த்தால்தான், எந்தப் படியைப் பயிலரங்கில் செய்யலாம், எதைக் காட்டி மட்டும் விளக்கலாம் என்பது விளங்கும். ஊதியத்தை அன்றே பேசி, எளிய தமிழில் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். கற்பிக்கும் நாளுக்கான ஊதியம், பயண நாட்களுக்கான படி, உதவியாளர் ஒருவருக்கான கூலி, தங்குமிடம், உணவு, துணிகளைக் கொண்டுவந்து திருப்பி அனுப்பும் செலவு, விற்பனையானால் கலைக்கூடம் பங்கு எடுக்குமா என்பது ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். எங்கள் வழக்கம் பங்கு எடுப்பதில்லை என்பது. ‘உங்கள் கலைக்கு நல்ல விளம்பரம் கிடைக்கும்’ என்று சொல்லி ஊதியத்தைக் குறைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு என்று நேராகவே சொல்ல வேண்டும். அவர் நம் கூடத்துக்கு ஆசிரியராக வருகிறார். மூன்று நாள் அவர் சொந்த வேலை நின்றுபோகிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தச் சந்திப்பிலேயே மற்றொன்றையும் கேட்டு வாங்குங்கள்: முடிந்த படைப்புகளோடு, முடியாத துணிகளையும் தரும்படி. இந்த யோசனைக்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1734 அளவில் புதுச்சேரியில் இருந்த பியூலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, சோழமண்டலக் கரையின் சாயத் துணி உருவாவதை அருகிருந்து பார்த்து, ஒவ்வொரு படி முடிந்ததும் அத்துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தம் குறிப்புகளோடு சேர்த்து வைத்தார். அக்கையெழுத்துப் படி பாரிசில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இந்தியச் சாயத் துணிகளின் இறக்குமதியைப் பிரான்சு 1686இலேயே தடை செய்திருந்த போதிலும், அதன் தொழில்நுட்பத்தை அறியும் ஆவல் அங்கே அடங்கவில்லை. பியூலியூ தம் நாட்டு வேதியியலாளருக்காகச் செய்ததை நாம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகச் செய்யலாம். ஒரே உருவத்தை ஆறேழு துண்டுகளில் எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு படியில் நிறுத்தித் தரும்படி கலைஞரைக் கேட்கலாம். அதற்குத் தனி ஊதியம் தர வேண்டும். கஞ்சி போக்கி வெளுத்த காடாத் துணி, கடுக்காயும் பாலும் ஏறிய துணி, கரிக்கோட்டு வரைவு, கருங்கோடு, படிகாரம் பூசியது, சிவப்பு ஏறியது, நீலமும் மஞ்சளும் சேர்ந்து நிறைவுற்றது என அவற்றை வரிசையாக மாட்டினால், விளக்கப் பலகைகள் பாதி தேவையற்றுப் போகும்.

காட்சியமைப்பில் துணிக்குத் துணிக்குரிய மரியாதை வேண்டும். ஆணியடிப்பதும் இருபுறம் ஒட்டும் நாடாவால் ஒட்டுவதும் கூடா. துணியின் மேல்விளிம்பின் பின்புறம் வேறு துணியால் ஓர் உறையைத் தைத்து, அதனுள் வழவழப்பான மூங்கில் கழியைச் செருகி, கழியின் இரு முனைகளிலும் கயிறு கட்டித் தொங்கவிட்டால் எடை எங்கும் சமமாகப் பரவும். எடுத்து வரும்போது மடிக்காமல், வெளுத்த துணி சுற்றிய பருமனான குழலில் சுருட்டி வர வேண்டும், ஏனெனில் மடிப்பு விழுந்த இடத்தில்தான் துணி முதலில் நைந்து கிழியும். சுவரில் மாட்டும் துணியின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருப்பது பெரியவர்களுக்கு வசதி. படிநிலைத் துண்டுகளை மட்டும் 110 செ.மீ. அளவில் தாழ்த்தி மாட்டுவோம். சிறுவர்கள் கழுத்தை நீட்டாமல் பார்ப்பதற்காக.

எல்லாவற்றையும் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்ற ஆசையைக் கட்டுப்படுத்துங்கள். தொம்பை உருளையாகத் தொங்கி, நாம் அதைச் சுற்றி நடந்து பார்ப்பதற்காகப் பிறந்தது. அஸ்மானகிரியைச் சட்டமிட்ட படம்போல் சுவரில் நிறுத்தினால் அதன் நடுவிலுள்ள தாமரைக்கு மேல் எது, கீழ் எது என்ற குழப்பமே மிஞ்சும். அதைத் தலைக்கு மேல் நான்கு மூலையிலும் கட்டி, கீழே ஒரு பாயை விரித்துவிட்டால், மக்கள் தாமாகவே உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பார்கள். எங்கள் கூடத்தில் அந்தப் பாயிலிருந்து எழுந்துபோக மனமில்லாமல் ஒரு பாட்டி நெடுநேரம் அமர்ந்திருந்தார். துணி எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த இடத்தை அதற்குத் திருப்பித் தருவதுதான் காட்சியமைப்பாளரின் வேலை என்று நான் கருதுகிறேன்.

இயற்கைச் சாயங்கள் ஒளிக்கு மெல்ல மெல்லப் பலியாகின்றன. அருங்காட்சியகங்கள் துணிகளுக்கு 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவு ஒளியையே பரிந்துரைக்கின்றன. மூன்று நாள் நிகழ்வில் அத்தனை கண்டிப்பு இயலாவிட்டாலும், வெயில் நேராக விழும் சன்னல்களுக்குத் தடித்த திரையிடுவதும், துணிக்கு மிக அருகில் விளக்கு வைக்காமலிருப்பதும், ஆளில்லாத நேரத்தில் விளக்கை அணைப்பதும் எவராலும் இயலும். தொடாதீர்கள் என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. தொடுவதற்கென்றே முடிந்த துணித் துண்டு ஒன்றை மேசையில் வைத்துவிடுங்கள். கைகள் அங்கே போய்விடும்.

பெயர்ச் சீட்டு சுருக்கமாக, 60 சொற்களுக்குள், நின்றபடி படிக்கும் அளவு பெரிய எழுத்தில் இருக்கட்டும். எழுதியவர் பெயர் முதல் வரியில் வர வேண்டும். பழைய கோயில் துணிகள் பலவற்றில் அவற்றை எழுதிய கைகளின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இன்று வாழ்கிறவர்களுக்கும் அதே நிலை வரக் கூடாது.

பயிலரங்குக்கு வருவோம். ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் இருந்தால் 12 பேருக்கு மேல் ஓர் அமர்வில் சேர்க்க வேண்டா; இரண்டரை மணி நேரம் தேவைப்படும்; காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று என்பது கலைஞர் தாங்கக்கூடிய அளவு. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு பெற்றோர் ஒருவர் அமர வேண்டும். கட்டணம் வாங்கலாம், ஆனால் ஒவ்வோர் அமர்விலும் சில இடங்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கி, அதை அப்பள்ளிகளுக்கு நேரில் சென்று சொல்ல வேண்டும். அறிவிப்பு ஒட்டினால் மட்டும் அவர்கள் வருவதில்லை.

துணித் துண்டுகள் ஒரு வாரம் முன்பே தயாராக வேண்டும். 30 செ.மீ. சதுரமாக வெட்டிய காடாத் துணியை நன்றாக அலசிக் கஞ்சியை முற்றிலும் போக்கி, கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப் பாலில் ஊறவைத்துப் பிழிந்து, வெயிலில் உலர்த்த வேண்டும். கலவையின் அளவைக் கலைஞர் வந்தோ சொல்லியோ தீர்மானிக்கட்டும். கடுக்காயின் துவர்ப்புச் சத்துதான் இரும்புக் கரைசலோடு சேர்ந்து கருமையாகிறது. பாலின் கொழுப்போ கோடு துணியில் பரவாமல் பிடித்துக்கொள்கிறது. பால் சேர்க்காத துண்டு ஒன்றையும் வைத்துக்கொண்டு, அதில் கோடு எப்படிப் பூத்துப் பரவுகிறது என்று காட்டினால் பாலின் பயனை விளக்கவே வேண்டியதில்லை. கடுக்காய், படிகாரம், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர் ஆகிய மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும்.

எழுதுகோல் என்பது கூராகச் சீவிய மூங்கில் குச்சி. முனைக்குச் சற்று மேலே கம்பளியையோ துணியையோ உருண்டையாகச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். உருண்டை சாயத்தை உறிஞ்சி வைத்திருக்கும். விரலால் மெல்ல அழுத்த அழுத்த முனைக்குச் சாயம் இறங்கும். இந்த அழுத்தம்தான் முழு வித்தையும். ஆகவே முதல் அரை மணி நேரம் துணியைத் தரவே கூடாது; பழைய செய்தித்தாளில் தேயிலைச் சாற்றைத் தொட்டு நேர்கோடு, வளைகோடு, புள்ளி என்று பழக வேண்டும். பலர் முதலில் பொறுமையிழப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள். பிறகு புளியங்குச்சிக் கரியால் துணியில் எளிய உருவம் ஒன்றை, அதாவது ஒரு மாங்காயையோ கிளியையோ தாமரை இதழையோ, வரைந்துகொண்டு கசிமியால் எழுதத் தொடங்கலாம். மங்கலான பழுப்பு நீராகத் தெரிந்த கரைசல் துணியைத் தொட்டதும் கண்ணெதிரே கறுக்கும் அந்தக் கணத்தில் அறையில் எழும் ஒலிக்காகவே நான் ஒவ்வோர் ஆண்டும் இதைச் செய்கிறேன்.

கசிமிக் கறை உடையிலிருந்து போகாது என்பதை முன்கூட்டியே சொல்லிப் பழைய உடையில் வரச் செய்யுங்கள். தரையில் விரிப்பு அவசியம். கலைஞர் தரையில் சம்மணமிட்டு எழுதுவார். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு மேசையும் நாற்காலியும் தனியே இருக்கட்டும்.

சிவப்பு ஏற்றுவதை அமர்வுக்குள் அடைக்க முயல வேண்டா. இரண்டாம் நாள் காலையில், கூடத்துக்கு வெளியே, கலைஞரே அடுப்பை நடத்தி அனைவருக்கும் பொதுவாகக் காட்டட்டும். கலைஞர் முந்தின நாளே ஒரு துணியில் படிகாரக் கரைசலால் உருவம் எழுதி உலர்த்தி, அன்று காலை அலசி எடுத்திருப்பார். பார்க்க அதில் ஏறத்தாழ ஒன்றும் தெரியாது. மஞ்சிட்டி இட்டுக் கொதிக்கும் செப்புப் பாத்திரத்தில் அதை இறக்கிக் கிளறிக்கொண்டிருந்தால், படிகாரம் தொட்ட இடமெல்லாம் சிவப்பைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடங்களில் ஏறும் சாயம் பின்னர் அலசலில் வெளிறும். முற்காலத்தில் இதற்கு இம்பூறல் எனப்படும் சாயவேரைப் பயன்படுத்தினார்கள். இரும்புப் பாத்திரம் வேண்டா, சிவப்பு கறுத்துவிடும். அடுப்பைச் சுற்றி இரண்டு மீட்டர் தள்ளிக் கயிறு கட்டி, பிள்ளைகளை அதற்கு அப்பால் நிறுத்துங்கள்.

அமர்வு முடிந்ததும் உடனே அனுப்பிவிடாமல், தாம் எழுதிய ஈரத் துணியைக் கையில் ஏந்தியபடி கண்காட்சியை இன்னொரு முறை சுற்றி வரச் சொல்லுங்கள். காலையில் ஐந்து நிமிடத்தில் சுற்றி முடித்தவர்கள் இப்போது ஒரே துணியின் முன் ஐந்து நிமிடம் நிற்பார்கள்; கோடு எங்கே தொடங்கியது, எங்கே கோலை மீண்டும் தோய்த்தார் என்று தேடுவார்கள். கேள்விகளும் மாறியிருக்கும். கலைஞர் அந்நேரம் அருகில் இருப்பது மிக முக்கியம். எனவே அவருடைய தேநீர் இடைவேளையை அதற்கு முன்போ பின்போ வையுங்கள். மூன்றாம் நாள் பங்கேற்பாளர்களின் துணிகள் அனைத்தையும் கொடிக் கயிற்றில் கவ்விகளால் மாட்டலாம். பரிசும் தரவரிசையும் வேண்டா.

நிறைவு நாள் மாலையில் செய்ய வேண்டியவை சில உண்டு. வந்தபோது எடுத்த ஒளிப்படங்களோடு ஒவ்வொரு துணியையும் ஒப்பிட்டு, கறையோ கிழிசலோ இல்லை என்பதைக் கலைஞர் முன்னிலையில் சரிபார்த்துச் சுருட்டுங்கள். மிஞ்சிய கசிமியைக் கிணற்றருகிலோ செடிகளிலோ ஊற்றாமல் மூடிய கலத்தில் அவரிடமே கொடுத்துவிடலாம். அது அவருக்குப் பயன்படும். விற்ற துணிகளின் கணக்கும் ஊதியமும் அவர் ஊருக்குப் பேருந்து ஏறுவதற்கு முன்பே அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.