11 வருடம் நின்ற டிவிஎஸ் 50: 3,000 ரூபாய்க்குள் ஓட வைப்பது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சலில் மாமா வீட்டுச் சாய்ப்பில், கோழிக்கூட்டுக்கும் காய்ந்த மட்டைக் குவியலுக்கும் நடுவே ஒரு டிவிஎஸ் 50 நின்றது. ஒரு காலத்தில் திங்கள்சந்தைக்குத் தேங்காய் சுமந்த வண்டி. கடைசியாக ஓடி 11 வருடம் ஆகியிருந்தது. "ஆக்கர் கடையில போடப்போறேன், வேணும்னா எடுத்துக்கோ மருமகனே" என்றார் மாமா. ஆக்கர் கடை என்றால் பழைய இரும்புக் கடை. எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஸ்பேனர் பிடிக்கவே சரியாகத் தெரியாது. அதனால், இதே நிலையில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஓசூரில் 1980-ல் வந்த மொபெட் இது. அதில் இருவர் உட்காரலாம் என்பதே அன்று பெரிய செய்தி. 50 சிசிக்கும் குறைவான டூ ஸ்ட்ரோக் எஞ்சின். வால்வு இல்லை, எஞ்சினுக்குத் தனி ஆயில் டேங்க் இல்லை, ஸ்டார்ட் ஆக பேட்டரியும் தேவையில்லை. கற்றுக்கொள்ள இதைவிட எளிய எஞ்சின் கிடைக்காது. லூனா, சாம்ப் மாதிரி மற்ற பழைய மொபெட்டுகளுக்கும் கீழே சொல்லும் முறை பெரும்பாலும் பொருந்தும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எதையும் வாங்காதீர்கள். பெயிண்டும் அடிக்காதீர்கள். ஒரு எஞ்சின் ஓட அமுக்கம், தீப்பொறி, பெட்ரோல் மூன்றும் வேண்டும். எது இல்லை என்று தெரிவதற்கு முன் வாங்கும் ஒவ்வொரு பாகமும் வீண் செலவு. நான் அப்படி வாங்கிய ஒரு புது இக்னிஷன் காயில் (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் தரும் பாகம்) இன்னும் பெட்டி பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.

தேவையான சாமான்: பிளக் ஸ்பேனர், 8 முதல் 17 வரை ஸ்பேனர்கள், ஸ்க்ரூடிரைவர், ஃபீலர் கேஜ் (சிறு இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்), நைசான உப்புத்தாள், கொஞ்சம் டீசல், 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்). ஃபீலர் கேஜ் மட்டும் பக்கத்து ஒர்க் ஷாப்பில் இரவல் வாங்கினேன்.

படி 1: காகிதம்

வண்டி சும்மா கிடைத்தாலும் ஆர்.சி. புத்தகம் இல்லாமல் தொடாதீர்கள். புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். கடலோரத்து வண்டியில் எண் மேல் துரு படிந்திருக்கும். டீசல் தடவித் துணியால் தேய்த்தால் தெரியும், உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. எண் அழிந்தால் பெரிய தொல்லை.

15 வருடம் தாண்டிய வண்டிக்கு படிவம் 25 கொடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது 5 வருடத்துக்குச் செல்லும். பசுமை வரியும் உண்டு. டிஎன் 74 என்றால் நாகர்கோவில் அலுவலகம், டிஎன் 75 என்றால் மார்த்தாண்டம். "வின்டேஜ் வண்டிதானே, சலுகை இருக்குமே" என்று ஒரு நண்பன் கேட்டான். 2021-ல் வந்த விதிப்படி 50 வருடம் ஆனால்தான் வின்டேஜ். அப்படிப் பதிவு செய்தால் தினசரி ஓட்டவும் முடியாது. ஆக, நம்முடையது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய வண்டி. அதுவே நல்லது.

படி 2: எஞ்சின் சுற்றுகிறதா?

தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றுங்கள். மேக்னட் மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் கனமான சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் அதிர்ஷ்டம். எனக்குச் சுற்றவில்லை.

சிலிண்டருக்குள் மேலும் கீழும் போகும் பிஸ்டன் துருவில் பிடித்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். பிளக் ஓட்டை வழியாக இரண்டு ஸ்பூன் டீசலும் ஒரு ஸ்பூன் 2டி ஆயிலும் ஊற்றி, துணியால் அடைத்து, விட்டுவிடுங்கள். மறுநாள் மேக்னட் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். அசையாவிட்டால் மறுபடி ஊற்றி இன்னொரு நாள். எனக்கு மூன்றாம் நாள் காலையில் 'களுக்' என்று விட்டது. சுத்தியலை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

படி 3: அமுக்கம்

பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு, வேறொருவரைப் பெடல் மிதிக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று 'புஸ்' என்று வந்தால் போதும். முனகலாக வந்தால் சில சொட்டு 2டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஆயில் விட்டதும் கூடினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒட்டியது ஓட ஓட விடும். ஆயில் விட்டும் ஒன்றுமே இல்லை என்றால் எஞ்சினைப் பிரிக்க வேண்டும். 3,000 ரூபாய்க் கணக்கு அங்கேயே முடிந்தது.

படி 4: தீப்பொறி

இதைப் பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்பே செய்யுங்கள். வரிசையை மாற்றாதீர்கள், தீ விளையாட்டு ஆகிவிடும்.

பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பு எஞ்சின் ஹெட்டைத் தொடுமாறு வைத்து, வெயில் இல்லாத இடத்தில் பெடல் மிதியுங்கள். நீலமாகச் சொடுக்கினால் நல்ல பொறி. மஞ்சளாக, சோம்பலாக வந்தால் பலவீனம்.

வரவே இல்லையா? நம் கடற்கரையில் பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி காண்டாக்ட் பாயிண்ட் என்பது என் அனுமானம். மேக்னட் சக்கரத்தில் இருக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்தால் திறந்து மூடும் இரண்டு சிறு முனைகள் தெரியும். உப்புக்காற்று அதன் மேல் ஒரு படலம் போட்டுவிடும், மின்சாரம் தாண்டாது. உப்புத்தாளை மடித்து உள்ளே விட்டு நாலைந்து இழுப்பு இழுங்கள். அப்புறம் வெள்ளைத்தாளை விட்டு இழுத்து, தூசியை எடுங்கள். கடைசியில் சொன்ன இந்தத் தாள் வேலையை விட்டுவிட்டு நான் அரை நாள் தலையைச் சொறிந்தேன். முனைகள் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி சுமார் 0.4 மில்லிமீட்டர் இருக்கட்டும். பிளக் முனைக்கு 0.5 முதல் 0.6 வரை.

இன்னும் பொறி இல்லையென்றால், எஞ்சினை அணைக்கும் ஸ்விட்சுக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். எலி கடித்து அந்த வயர் பாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால், வண்டி எப்போதும் 'ஆஃப்' நிலையில்தான் இருக்கும். அடுத்து கேப், அடுத்து கண்டென்சர். பாயிண்ட் முனையில் பெரிதாகப் பொறி பறந்தால் கண்டென்சர் போய்விட்டது என்று அர்த்தம். காயில் கடைசி. நான் முதலில் வாங்கியது அதைத்தான்.

படி 5: டேங்கும் கார்புரேட்டரும்

பழைய பெட்ரோலைத் திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத பக்கம் இறக்குங்கள். டேங்குக்குள் டார்ச் அடித்தால் செங்கல் பொடி மாதிரி துரு தெரியும். ஒரு கைப்பிடி சிறு நட்டுகளை எண்ணிப் போட்டு, வினிகர் ஊற்றிக் குலுக்கி, ஒரு ராத்திரி வைத்துவிட்டு மறுநாள் கொட்டுங்கள். எண்ணிப் போட்டதை எண்ணி எடுக்கவும் வேண்டும். பிறகு ஆப்பசோடா கரைத்த தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர், அப்புறம் முழு வெயில். காய்ந்த உடனே கொஞ்சம் 2டி ஆயில் ஊற்றிச் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் நம் ஊர்க் காற்றில் சாயங்காலத்துக்குள் மறுபடி துருப்பிடிக்கும்.

பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றும்போது ஒவ்வொரு நிலையிலும் செல்போனில் படம் எடுங்கள். அடியில் இருக்கும் கிண்ணத்தில் பழைய பெட்ரோல் காய்ந்து அரக்கு மாதிரி ஒட்டியிருக்கும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துத் துடையுங்கள். நடுவில், பெட்ரோலை அளந்து விடும் பித்தளை ஜெட்டின் ஓட்டை வழியாக வானம் தெரிய வேண்டும். அடைப்பு எடுக்க, பல இழை வயரில் இருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவி விடுங்கள். ஊசி வேண்டாம். நான் சேஃப்டி பின்னால் குத்தினேன். பித்தளை மெத்தென்று விரிந்துகொடுத்தது, வண்டி கரும்புகை தள்ளியது, பிளக் இரண்டு நாளில் கரியானது. புது ஜெட் வாங்கியது தண்டச்செலவு.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. சூடான தண்ணீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். பெட்ரோல் குழாயை மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் அதைத் தாங்காது, எத்தனால் ஈரத்தையும் இழுக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயில் கலந்துதான் ஊற்ற வேண்டும். வண்டியின் கையேட்டில் அளவு இருந்தால் அதுவே சரி. நான் லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் கலக்கிறேன். கேனில் கலந்து, குலுக்கி, பிறகு ஊற்றுங்கள். ஆயில் கூடினால் புகை வரும், பிளக் கரி பிடிக்கும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் பிடிக்கும்.

படி 6: ஸ்டார்ட் ஆகி அணைந்தால்

மூன்றும் சரியான பிறகு, சோக் இழுத்துப் பெடல் மிதித்தேன். பிடித்தது! நாலு வினாடி ஓடிவிட்டு அணைந்தது. மறுபடி நாலு வினாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே கதை. கார்புரேட்டரை மூன்று முறை பிரித்து மாட்டினேன்.

கடைசியில் சந்தி ஒர்க் ஷாப் அண்ணனிடம் போய் நின்றேன். சாயாக் கிளாசைக் கீழே வைக்காமலே கேட்டார்: "லே மக்கா, பெட்ரோல் போற வழியை மட்டும் பாத்திருக்க. புகை போற வழியைப் பாத்தியா?"

சைலன்சர் வாயில் கையை வைத்துப் பெடல் மிதிக்கச் சொன்னார். காற்றே வரவில்லை. கழற்றித் தட்டினால், உள்ளே இருந்து குளவி கட்டிய மண்கூடு கட்டிகட்டியாக விழுந்தது. அதற்குப் பின்னால் மாமா காலத்துக் கரி. டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் அடைத்தால் எரிந்த புகை வெளியேறாது, புதுக் கலவை உள்ளே வர இடமில்லை, மூச்சு முட்டி அணையும். நீளமான கம்பியால் சுரண்டி, தட்டிக் கொட்டினேன். சிலிண்டரின் புகை வாயிலிலும் கரி இருக்கும். பிஸ்டன் அந்த வாயிலை மூடியிருக்கும்படி சக்கரத்தைச் சுற்றி வைத்துவிட்டு, மரக்குச்சியால் சுரண்டுங்கள்.

அவர் காசு வாங்கவில்லை. அடுத்த நாள் ஒரு சீப்பு மட்டிப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

படி 7: நிறுத்த முடிந்தால்தான் ஓட்டலாம்

பிரேக் ஷூ கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்தால் உப்புத்தாளால் தேயுங்கள். முகத்தில் துணி கட்டிக்கொள்ளுங்கள், பழைய ஷூவின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. கேபிள்களில் ஆயில் விடுங்கள், ஒரு இழை அறுந்திருந்தாலும் மாற்றுங்கள். ஸ்போக்குகளை ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டினால், தளர்ந்தது 'டொக்' என்று காட்டிக்கொடுக்கும். வெடிப்பு விட்ட டயரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். என் செலவில் பாதிக்கு மேல் டயருக்கும் டியூபுக்கும்தான் போனது.

படி 8: முதல் ஓட்டம்

முதலில் வரும் வெள்ளைப் புகையைப் பார்த்து மிரளாதீர்கள், நாம் ஊற்றிய ஆயில்தான் எரிகிறது. பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, ஆறவிட்டு, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். சுக்குக்காப்பி நிறம் என்றால் கலவை சரி. கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தால் உடனே நிறுத்துங்கள். எங்கோ காற்று ஒழுகுகிறது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கார்புரேட்டர் பொருந்தும் இடத்தின் கேஸ்கெட்டை முதலில் பாருங்கள்.

ரோட்டுக்கு எடுப்பதற்கு முன் இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஹெல்மெட் மூன்றும் வேண்டும்.

எனக்கு மொத்தம் 2,860 ரூபாய் ஆனது, அலமாரியில் இருக்கும் காயிலைச் சேர்க்காமல். இப்போது திங்கள்சந்தைக்குப் போய் வருகிறேன். ஆனி, ஆடிச் சாரலில் பல நாள் எடுக்க முடியாது என்று தெரிந்தால், டேங்கின் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும்வரை எஞ்சினை ஓடவிடுகிறேன். கார்புரேட்டரில் ஒன்றும் தங்காது. அப்புறம் ஆயில் துணியால் ரிம்மையும் செயினையும் துடைத்து, சைலன்சர் வாயில் ஒரு துணிச்சுருளைத் திணித்துவிடுகிறேன், குளவிக்காக. எடுக்கும்போது மறக்காமல் உருவ வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டு, மறுபடி கார்புரேட்டரைப் பிரித்தேன்.