ரோமில் கோடை வெயிலா? காலி பாட்டில் போதும்

ஆகஸ்ட்ல ரோமைத் தனியா சுத்தப் போறீங்களா? தண்ணிக்குக் காசு கொடுக்காதீங்க. தெருவுக்குத் தெரு ‘நாசோனே’ன்னு இரும்புக் குழாய் இருக்கு, 1874-ல வைக்க ஆரம்பிச்சது. நல்ல குடிதண்ணி, ஜில்லுன்னு வரும். வளைஞ்ச மூக்கோட நுனியை விரலால அடைச்சா மேல இருக்கிற சின்ன ஓட்டை வழியா பீய்ச்சி அடிக்கும், குனியாமலே குடிக்கலாம்.

கொலோசியத்துக்குக் காலையில முதல் நேரமாப் பார்த்து ஆன்லைன்ல டிக்கெட் எடுத்துடுங்க. உச்சி வெயிலுக்கு சான்டா மரியா மஜோரே மாதிரி பெரிய தேவாலயத்துல ஒதுங்கலாம். இலவசம், குளுகுளுன்னும் இருக்கும். தோளும் முட்டியும் மறைஞ்சிருக்கணும், துப்பட்டா ஒண்ணு பையில இருக்கட்டும். ஸ்பானிஷ் படிக்கட்டுல மட்டும் உட்காராதீங்க, 2019-லிருந்து அபராதம்.

வாடிகன் பக்கம் போற 64-ம் நம்பர் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது. தனியாப் போனா பையைப் பார்த்துக்க வேற யாரு? முன்பக்கமா மாட்டிக்கோங்க.