பக்திக் கைவினைப் பொருள்களைக் கண்காட்சியில் விற்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஜெபமாலை, தஸ்பீஹ் மணி (முஸ்லிம்கள் இறைவனைத் துதித்து எண்ணும் மணிமாலை), வசனப் பலகை, மெழுகுவர்த்தி என்று எதையாவது கையால் செய்து பழகியவரா? கைவினைக் கண்காட்சியில் ஸ்டால் போட ஆசையா? அப்படியானால் இந்த வரிசையில் போங்கள்.

முதல் படி: பொருள் சரியாக இருக்கிறதா?

அதிக நேரம் இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். வாங்குபவர் இதை வைத்துப் பிரார்த்தனை செய்யப் போகிறார். கத்தோலிக்க ஜெபமாலை என்றால் 59 மணிகள். அதில் 53 மணிகள் 'அருள்நிறைந்த மரியே'வுக்கு, மற்ற 6 கர்த்தர் கற்பித்த ஜெபத்துக்கு. இந்து ஜபமாலையில் 108 மணிகள், அதற்கு மேல், சுற்று தொடங்கும் இடத்தைக் காட்டும் ஒரு மேரு மணி. தஸ்பீஹில் 33 அல்லது 99. ஒரு மணி குறைந்தாலும் ஜெபிப்பவரின் கணக்கு தவறிவிடும். அதனால் கோத்து முடித்ததும் ஒருமுறை, பெட்டியில் வைக்கும் முன் ஒருமுறை எண்ணுங்கள். முடிச்சுகளை இழுத்துப் பாருங்கள். தினமும் விரலில் உருளும் பொருள் இது, நூல் உறுதியாக இருக்க வேண்டும்.

எழுத்து வேலையில் இன்னும் கவனம் தேவை. அரபியில் ஒரு புள்ளி இடம் மாறினால் எழுத்தே மாறிவிடும். உங்களுக்குப் பழக்கமில்லாத மொழி என்றால், அந்த வேதத்தை ஓதத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் பலகையில் ஏற்ற வேண்டாம். வேத நூல்களின் புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு. வசனத்தை அச்சிட்டு விற்கும் முன் பதிப்பாளரின் நிபந்தனைகளைப் படியுங்கள். இணையத்தில் கிடைத்த சாமி படத்துக்கும் இதேதான்.

மெழுகுவர்த்தி செய்பவர்கள் ஒவ்வொரு அளவிலும் ஒன்றை முழுசாக எரித்துச் சோதிக்க வேண்டும். எரியும்போது ஆள் இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையையும் லேபிளில் போடுங்கள்.

இரண்டாம் படி: கண்காட்சியைத் தேர்ந்தெடுப்பது

விதிமுறைகளை முழுக்கப் படியுங்கள். மதப் பொருளுக்கு அனுமதி உண்டா, கையால் செய்தவை மட்டும்தானா, மேஜை அவர்கள் தருவார்களா என்று கேளுங்கள். பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்னால் வரும் கண்காட்சி நல்லது. பரிசு தேடி வருபவர்கள் அப்போது அதிகம்.

மூன்றாம் படி: விலை

பக்திப் பொருளுக்குக் கூலி கேட்கலாமா என்று பலர் தயங்குகிறார்கள். தாராளமாகக் கேட்கலாம். கோத்த கைக்கும் வயிறு உண்டு. மூலப்பொருள் செலவோடு உங்கள் நேரத்துக்கான கூலியைக் கூட்டுங்கள். பிறகு ஸ்டால் வாடகையை, எத்தனை பொருள் விற்கும் என்று நினைக்கிறீர்களோ அந்த எண்ணால் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். விலையை எழுதியே வையுங்கள், கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுபவர்கள் நிறைய.

நான்காம் படி: மேஜை

தரைவரை தொங்கும் விரிப்பு, கண் மட்டத்துக்கு உயரும் அடுக்கு, நல்ல வெளிச்சம். இது போதும். பல மதங்களுக்கும் செய்பவர் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுங்கள், கலந்து குவிக்க வேண்டாம். புனிதமாகக் கருதும் பொருளைத் தரையிலோ கால்படும் இடத்திலோ வைக்காதீர்கள். அதைப் பார்த்து மனம் வருந்துபவர் உங்களிடம் சொல்ல மாட்டார், பேசாமல் போய்விடுவார். அப்புறம் சில்லறை, பணம் வாங்க வேறு வழி, உறைகள்.

ஐந்தாம் படி: பேச்சு

பிரசங்கம் வேண்டாம். "யாருக்காகப் பார்க்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். ஞானஸ்நானப் பரிசு என்பார் ஒருவர். இறந்துபோன அம்மாவின் நினைவாக என்பார் இன்னொருவர். அப்போது விற்பனையை ஒதுக்கிவிட்டுக் கேளுங்கள். அவர் வாங்காமல் போனாலும் பரவாயில்லை. வேறு நம்பிக்கை உள்ளவர் வாதத்துக்கு வந்தால் புன்னகையோடு விட்டுவிடுங்கள், மேஜைக்கு முன் நிற்கும் மற்றவர்களுக்கு அந்த அமைதி தேவை.

கடைசியாக, ஒவ்வொரு பொருளோடும் ஒரு சின்ன அட்டை கொடுங்கள். எதனால் செய்தது, தண்ணீர் படலாமா, உங்களை எப்படித் தொடர்புகொள்வது என்பதோடு, நூல் அறுந்தால் திரும்பக் கோத்துத் தருவீர்கள் என்றும் அதில் எழுதுங்கள்.