மண்டபத்து மைக் செட்டில் அக்கூஸ்டிக் கிட்டார் நன்றாக ஒலிக்க: புதிதாக மேடை ஏறுபவர்களுக்கு

வீட்டுத் திண்ணையில் அவ்வளவு இனிமையாகக் கேட்கிற அக்கூஸ்டிக் கிட்டார், ரிசப்ஷன் மேடையில் மைக் செட்டுக்குள் போனதும் தகரத்தைத் தட்டுவதுபோல் ஆகிவிடுகிறது. மதுரைப் பக்கம் புதிதாக மேடை ஏறுகிற பலரும் இதைக் கேட்டுவிட்டு, “நம்ம கிட்டார் சரியில்லை” என்று முடிவுகட்டி, விலை கூடிய கிட்டாருக்குக் காசு சேர்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் கிட்டார் மேல் தப்பே இருக்காது. கிட்டாரிலிருந்து மிக்ஸர் வரைக்கும் போகிற வழியில்தான் சத்தம் கெடுகிறது. அந்த வழியை நீங்களே சரிசெய்யலாம், அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

நம் ஊர் மேடைகளின் இயல்பை முதலில் மனதில் வையுங்கள். கல்யாண மண்டபம் என்றால் டைல்ஸ் தரை, உயரமான கான்கிரீட் கூரை, வெறும் சுவர். எழுந்த சத்தம் அடங்கவே நேரம் பிடிக்கும். திருவிழா மேடை என்றால் நேர் எதிர்: திறந்தவெளி, சத்தம் திரும்பி வராது, கீழ்ச் சத்தம் காற்றோடு போய்விடும். இரண்டு இடத்திலும் மைக் செட்டைப் பேச்சுக்கும் பாட்டுக்கும் தோதாக அமைத்திருப்பார்கள். கிட்டாருக்கென்று யாரும் தனியாக அமைத்துத் தர மாட்டார்கள். ஆகவே சத்தத்தை முடிந்தவரை உங்கள் கையிலேயே முடித்து, மிக்ஸருக்குச் சுத்தமாக அனுப்பிவிட வேண்டும்.

முதலில், கிட்டாருக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

பின் சொருகுகிற துளை இருக்கும் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில், பிரிட்ஜில் கம்பிகள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைச் சேடிலுக்கு அடியில் பீசோ பிக்கப் ஒன்று இருக்கும். கம்பியின் அழுத்தம் மாறுவதை அது மின்சாரமாக மாற்றும். கிட்டாரின் பக்கவாட்டில் பாஸ், மிட், ட்ரெபிள் என்று நாப்களும் பேட்டரி வைக்கும் இடமும் இருந்தால் அது ஆக்டிவ்: சிக்னலைப் பெருக்கித் தரும் ஒரு ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. பின் துளை மட்டும் இருந்து பேட்டரி எங்கேயும் இல்லையென்றால் பாஸிவ். இந்த வித்தியாசம் தெரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாது.

பிக்கப்பே இல்லாத கிட்டார் என்றால் இரண்டு வழி. சவுண்ட் ஹோலில் மாட்டுகிற காந்த பிக்கப் ஒன்று வாங்கலாம். ஃபீட்பேக் (ஸ்பீக்கர் சத்தமே கிட்டாருக்குள் திரும்ப ஏறிக் கூவுவது) தொல்லை அதில் குறைவு. சத்தம் கொஞ்சம் எலெக்ட்ரிக் கிட்டார் பக்கம் சாயும், நைலான் கம்பிக்கு வேலையே செய்யாது. இன்னொரு வழி மைக். சிறிய ஜெபக்கூட்டம், வகுப்பறை மாதிரி அமைதியான இடத்தில் இதைவிட இயல்பான சத்தம் வேறெதிலும் வராது. மைக்கை 12-ஆம் ஃப்ரெட்டுக்கு நேராக 20, 25 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். சவுண்ட் ஹோலுக்கு நேராக வைத்தால் ‘பொம்’ என்று அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் டிரம்ஸோ தவிலோ இருந்தால் மைக் யோசனையை விட்டுவிடுங்கள்.

வீட்டிலிருந்து கிளம்பும் முன்

புதுக் கம்பியை நிகழ்ச்சிக்கு 2 நாள் முன்பே மாட்டி, இழுத்து இழுத்துப் பழக்கிவிடுங்கள். அன்று காலையில் மாட்டினால் மேடையில் சுருதி நிற்காது. 9 வோல்ட் பேட்டரியை மாற்றிவிட்டு, பையில் இன்னொன்றும் வையுங்கள். பேட்டரி இறங்கும்போது சத்தம் உடனே நிற்காது, முதலில் கரகரவென்று உடையத் தொடங்கும், பலர் அதை ஸ்பீக்கர் கோளாறு என்றே நினைக்கிறார்கள். கிட்டாரில் பின் சொருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும், வாசிக்காவிட்டாலும்.

சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் கிட்டாரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சூட்டில் பசை இளகி பிரிட்ஜே மேலே எழும்பிவிடும். வெளிச் சூட்டிலிருந்து ஏசி மண்டபத்துக்குள் வந்தால் அரை மணி நேரமாவது கிட்டாரை அங்கே இருக்கவிட்டு, அப்புறம் சுருதி சேருங்கள்.

டிஐ பாக்ஸ்: இதை மட்டும் தவறவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். டிஐ பாக்ஸ் என்பது கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைத்து, கிட்டார் சிக்னலை மிக்ஸருக்குத் தோதாக மாற்றித் தரும் சின்னப் பெட்டி.

பீசோ என்பது மின்சாரக் கணக்கில் ஒரு கெப்பாசிட்டர். அதன் சிக்னலை வாங்கிக்கொள்ளும் இடத்தில் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது மின்தடுப்பு, குறைந்தது 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தால் இன்னும் நல்லது. மிக்ஸரின் லைன் இன்புட்டில் சாதாரணமாக 10 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும். மைக் இன்புட்டில் அதையும்விடக் குறைவு. பாஸிவ் கிட்டாரை நேராக அதில் சொருகினால் கீழ்ச் சத்தம் முழுக்க வடிந்துபோய், கூரான மேல்ச் சத்தம் மட்டும் மிஞ்சும். மிக்ஸரில் பாஸ் நாப்பை எவ்வளவு திருப்பினாலும் இழந்தது திரும்பி வராது, இரைச்சல்தான் ஏறும். ஆகவே பாஸிவ் பீசோவுக்கு ஆக்டிவ் டிஐ பாக்ஸோ, அக்கூஸ்டிக் கிட்டாருக்கான ப்ரீஆம்ப் பெடலோ கட்டாயம் வேண்டும். வாங்கும்போது இன்புட் இம்பீடன்ஸ் எவ்வளவு என்று அட்டைப் பெட்டியில் பார்த்து வாங்குங்கள். ஆக்டிவ் கிட்டாருக்கு பாஸிவ் டிஐ போதும்.

டிஐ இன்னொரு வேலையும் செய்கிறது. கிட்டார் கேபிள் அன்பேலன்ஸ்டு, அதாவது இரைச்சலைக் கழித்துவிடும் அமைப்பு அதில் இல்லை. 5, 6 மீட்டருக்கு மேல் போனால் வழியிலுள்ள இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். மண்டபத்தில் மிக்ஸர் பெரும்பாலும் மேடையிலிருந்து 20 மீட்டராவது தள்ளி இருக்கும், அந்த வழியில்தான் சீரியல் லைட் ஒயரும் ஓடும். டிஐ பாக்ஸிலிருந்து எக்ஸ்எல்ஆர் (மைக் ஒயரின் மூன்று முள் பின்) வழியாகப் பேலன்ஸ்டு சிக்னலாக அனுப்பினால் அவ்வளவு தூரமும் சுத்தமாகப் போய்ச் சேரும்.

ஆக்டிவ் டிஐ ஓட, மைக் ஒயர் வழியாகவே மிக்ஸர் அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் பவர் வேண்டும், அல்லது பேட்டரி. கிராமத்து நிகழ்ச்சிகளில் மிக்ஸரே இல்லாமல் ஒரு அஹூஜா ஆம்ப்ளிஃபையர் மட்டும் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. அங்கே ஃபேன்டத்தை எதிர்பார்க்க முடியாது, மைக் இன்புட்டும் பெரிய பின் துளையாக இருக்கும். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் வாசிக்கப் போகிறவர்கள் பேட்டரியிலும் ஓடுகிற டிஐ வாங்குவதும், எக்ஸ்எல்ஆரிலிருந்து பெரிய பின்னுக்கு மாற்றும் ஒயர் ஒன்றைப் பையில் வைத்திருப்பதும் புத்திசாலித்தனம்.

மைக் செட் அண்ணனிடம் பேசுங்கள்

சீக்கிரம் போய், ஒயர் இழுக்கிற நேரத்திலேயே அறிமுகமாகிவிடுங்கள். தேவை என்ன என்று சுருக்கமாகச் சொன்னால் போதும்.

“அண்ணே, இது டிஐ பாக்ஸ். மைக் ஒயரையே இதுல சொருகிக்கலாம். லோ கட் மட்டும் போட்டுட்டு, மத்த நாப் எல்லாத்தையும் நடுவுல விட்டுருங்கண்ணே.”

“ஃபேன்டம் போடணுமா தம்பி?”

“ஆமாண்ணே, சேனல மியூட் பண்ணிட்டுப் போடுங்க.”

அவ்வளவுதான். அந்த மண்டபத்தில் எந்த மூலையில் என்ன கேட்கும் என்பது உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்வதையும் காதுகொடுத்துக் கேளுங்கள்.

கெயின்

கிட்டாரிலுள்ள வால்யூமை முக்கால் பங்கில் வையுங்கள், பாஸ், மிட், ட்ரெபிள் மூன்றும் நடுவில். அன்றைய பாட்டுகளில் எதை ஓங்கி ஸ்ட்ரம் செய்வீர்களோ அதையே ஓங்கி வாசியுங்கள். மிக்ஸரில் சிவப்பு விளக்கு ஒருதடவைகூட எரியாத அளவுக்கு கெயினை, அதாவது உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் நாப்பை, வைக்கச் சொல்லுங்கள். சவுண்ட் செக்கில் கூச்சப்பட்டு மெதுவாக வாசித்துவிட்டு, நிகழ்ச்சியில் ஓங்கி அடித்தால் சத்தம் உடையும்.

ஓங்கி அடிக்க அடிக்க பீசோவுக்கே உரிய, பிளாஸ்டிக் மாதிரியான ‘குவாக்’ சத்தமும் கூடும் என்பதையும் மறக்காதீர்கள். கையை இளக்கி, கொஞ்சம் மெல்லிய பிக்கால் வாசித்துப் பாருங்கள். சத்தத்தை ஸ்பீக்கர் பார்த்துக்கொள்ளும்.

இக்யூ: ஏற்றுவதற்கு முன் குறையுங்கள்

இக்யூ என்பது பாஸ், மிட், ட்ரெபிள் போன்றவற்றைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைப்பது. சத்தம் பிடிக்காதபோது எதையாவது ஏற்றத்தான் கை போகும். முதலில் வேண்டாததைக் குறையுங்கள்.

கிட்டாரின் 6-ஆம் கம்பி திறந்த நிலையில் 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் கை தட்டுவதும் மேடை அதிர்வதும்தான். கீழ்ச் சத்தத்தை வெட்டும் லோ கட்டை 80 ஹெர்ட்ஸில் போடுங்கள். பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் கூட வாசித்தால் 100, 120 வரைகூடக் கொண்டுபோகலாம். தனியாகக் கேட்டால் மெலிந்த மாதிரி இருக்கும், கூட்டத்தோடு கேட்டால்தான் அதன் அருமை தெரியும். பாடகருக்கு நீங்கள் ஒருவர்தான் பக்கவாத்தியம் என்றால் 80-க்கு மேல் போக வேண்டாம்.

200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை அடைப்புச் சத்தம். மண்டபத்தில் இது பெருகும், அங்கே 3 டெசிபல் குறைத்தாலே பாட்டின் சொற்கள் தெளிவாகிவிடும். திறந்த மைதானத்தில் இதைத் தொடாதீர்கள், கிட்டாரின் உடம்பே அதில்தான் இருக்கிறது.

1.5 முதல் 3 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பீசோவின் பிளாஸ்டிக் தன்மை குடியிருக்கும் இடம். மிட் அலைவரிசையை நகர்த்தும் நாப் இருந்தால், மிட்டைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு அந்த நாப்பை மெதுவாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் காது கூசுகிறதோ அங்கே நிறுத்தி, மிட்டை நடுவுக்குக் கீழே இறக்குங்கள். 3 முதல் 6 டெசிபல் இறக்கம் போதும். இதைச் செய்கிறபோது சத்தம் குறைவாக இருக்கட்டும், மொத்தச் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு நகர்த்தினால் கூவிவிடும்.

ட்ரெபிளைக் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். ரிவெர்பைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: மண்டபத்தில் வேண்டவே வேண்டாம், கட்டடமே போதுமான அளவு தருகிறது. மைதானத்தில் கொஞ்சம் சேருங்கள்.

‘ஊம்’ என்று கூவினால்

கிட்டாரின் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கென்று ஓர் அதிர்வு உண்டு. பெரிய உடல்வாகுள்ள டிரெட்நாட் கிட்டாரில் அது ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ். 6-ஆம் கம்பியின் 3-ஆம் ஃப்ரெட் 98, திறந்த 5-ஆம் கம்பி 110 என்பதைப் பாருங்கள். அதனால்தான் ஜி, ஏ கார்டுகளில் நிற்கும்போது கீழ்க் கூவல் கிளம்புகிறது.

முதலில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். மானிட்டர் ஸ்பீக்கர் சவுண்ட் ஹோலை நேராகப் பார்க்கக் கூடாது, மெயின் பாக்ஸுக்கு முன்னால் போய் நிற்கவும் கூடாது. அடுத்தது சவுண்ட் ஹோலை அடைக்கும் ரப்பர் மூடி. விலை குறைவு, பலன் அதிகம். அதற்கும் அடங்காவிட்டால் ப்ரீஆம்பில், சிக்னலைத் தலைகீழாகத் திருப்பும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அமுக்கிப் பாருங்கள், ஸ்பீக்கருக்கும் கிட்டாருக்கும் உள்ள தூரத்தைப் பொறுத்து சில இடங்களில் உடனே அடங்கும். கடைசியாக, ஒரே ஓர் அலைவரிசையை மட்டும் வெட்டும் நாட்ச் நாப்: கூவுகிற ஸ்வரத்தில் கொண்டுபோய் வையுங்கள். மானிட்டரில் கிட்டாரைக் குறைக்கச் சொல்வதும் வழிதான்.

இரைச்சலும் எர்த்தும்

விடாமல் ‘ம்ம்ம்’ என்ற ஒலி வந்தால் அது 50 ஹெர்ட்ஸ் கரண்டின் வேலை. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். அப்புறம் டிஐ பாக்ஸிலுள்ள, சிக்னல் ஒயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை மாற்றிப் போடுங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பெடல் அடாப்டரை சீரியல் லைட் ஓடுகிற பிளக்கில் சொருகாதீர்கள்.

இரைச்சலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பதும், கழற்றிவிட்டுச் சொருகுவதும் சில இடங்களில் நடக்கிறது. யார் சொன்னாலும் அதற்குச் சம்மதிக்காதீர்கள். ஜெனரேட்டரில் ஓடும் மேடையில், கையில் கிட்டார் கம்பியும் உதட்டருகே மைக்கும் இருக்கும்போது, எர்த் இல்லையென்றால், கசிகிற கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போகும். உயிர் போய்விடும். மைக்கைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்று இழுத்தால்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டு, சரிசெய்யச் சொல்லுங்கள்.

எதை முதலில் வாங்குவது

உங்கள் கிட்டார் பாஸிவ் என்றால் ஆக்டிவ் டிஐதான் முதல் செலவு. ஆக்டிவ் என்றால் ஒரு பாஸிவ் டிஐ, நல்ல கேபிள் ஒன்று, ரப்பர் மூடி. பின்னால் வசதி வரும்போது, மைக்கில் பதிவுசெய்த கிட்டாரின் தன்மையை பீசோ சத்தத்தில் ஏற்றித் தருகிற ஐஆர் பெடல் வாங்கலாம். பிளாஸ்டிக் தன்மையைப் போக்குவதில் அதற்கு இணையாக நான் எதையும் கேட்டதில்லை. ஆனால் விலை கூடுதல், கெயினும் இக்யூவும் கைக்கு வந்த பிறகு வாங்கினால் போதும். பெடலில் பைபாஸ் வசதி இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், பெடல் இருந்தால் எப்படி, இல்லாவிட்டால் எப்படிக் கேட்கிறது என்று மேடையில் ஒப்பிட அது வேண்டும்.